தேய்ந்தது காதா, மெத்தையா?

(வானொலி இலக்கியத் தொடரில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வரலாறு என்றால் மன்னரும் மகுடமும், போரும் உடன்படிக்கையும் என்றே நாம் பாடசாலையிற் படித்தோம். அவ்வாறே படிப்பித்தும் வருகிறோம். ஆனால் அன்றாடம் நாம் கையாளும் சின்னஞ்சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாதபோது பொருளின் குறையை மனிதரின் குறையாக எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணி நான் இழைத்த தவறு ஒன்றே இவ்வுரைக்குக் காரணம். நான் எடுத்துக்கொண்ட பொருள், ஹெட்போனிலே காதைச் சுற்றி அமர்ந்திருக்கும் மெத்தை. அதற்கு நம்மவரிடையே நிலைத்த தமிழ்ப் பெயர் கிடையாது. கடைக்காரர் 'பஞ்சு' என்பர். வேறு சிலர் 'குஷன்' என்பர். நான் காதுமெத்தை என்றே சொல்லப் போகிறேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. வைகறையில் எழுந்து வானொலி கேட்பது அவருடைய நெடுநாளைய பழக்கம். பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதும், அவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதவாறு, காது முழுவதையும் மூடும் ஹெட்போன் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். நான்கு ஆண்டுகள் அது நன்றாகவே உழைத்தது. பின்னர் அம்மா ஒலியைக் கூட்டத் தொடங்கினார். மூடிய மெத்தையையும் மீறி அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்குக் கூட்டினார். அவருடைய வெள்ளைச் சேலையின் தோளிலும் தலையணையிலும் கறுப்புப் பொருக்குகள் உதிர்ந்து கிடந்தன. "அப்பம்மாவின்ர காதுக்குள்ள இருந்து கரி விழுகுது" என்று இளையவன் பகிடி பண்ணினான். நானும் சிரித்தேன்.

ஒரு நாட்காலை, "தம்பி, நாதஸ்வரம் கேட்குது, தவிலும் கேட்குது, ஆனால் தொப்பி கேட்குதில்லை" என்றார் அம்மா. இணுவிலிலே பிறந்து, கோயில் வீதியில் தவிலோசை கேட்டு வளர்ந்தவர் அவர். வலந்தலையின் நாதத்துக்கும் தொப்பியின் கும்மென்ற ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானோ அந்தச் சொல்லைக் காதிலே வாங்கவில்லை. "வயது போனால் அப்பிடித்தான் அம்மா" என்றேன். அன்றிரவே கனடாவிலுள்ள அக்காவிடம், "அம்மாவுக்குக் காது மந்தமாகுது" என்று தொலைபேசியிற் சொன்னேன். காதில் மாட்டும் கேட்டல் கருவிக்குக் காசு அனுப்புவதைப் பற்றி அவரும் பேசத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பேச்சு அம்மாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் ஹெட்போனைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "எனக்கென்னத்துக்கு இனி றேடியோ" என்றார். விடிகாலையில் எழுந்து, கதிரையிலே சும்மா அமர்ந்திருந்தார். பேச்சும் குறைந்தது. காது கேளாதவர் என்று வீட்டார் தீர்மானித்த பின்னர், தாமே அதனை நம்பத் தொடங்கிவிட்டார் என்பதை நான் அப்போது உணரவில்லை.

செருகியில் ஏதும் கோளாறு இருந்தால் திருத்தி, கருவியைப் பிள்ளைகளுக்காவது கொடுக்கலாம் என்று நகரிலுள்ள றேடியோ திருத்தும் கடை ஒன்றுக்கு அதனைக் கொண்டு சென்றேன். கடைக்காரத் தம்பி அதை என் தலையிலே மாட்டி, தவில் ஒலிக்கும் பாட்டு ஒன்றைப் போட்டான். அம்மா சொன்னது போலவே தொப்பி கேட்கவில்லை. பின்னர் இரு கைகளாலும் ஹெட்போனின் இரு பக்கங்களையும் என் காதுகளோடு சேர்த்து அமுக்கினான். தொப்பி கும்மென்று எழுந்தது! கையை எடுத்தான், மறைந்தது. "சேர், அம்மாவின்ர காதில பிழையில்லை. மெத்தையிலதான் பிழை" என்றான்.

என் நாற்பத்தேழு வயதில், பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியன் என்ற நினைப்போடு நின்ற எனக்கு அது ஒரு பாடமாக அமைந்தது. வீடு திரும்பியதும் அந்த மெத்தையின் கதையைத் தேடிப் படிக்கலானேன். படித்ததைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

தோளிலே சுமந்த காலம்

காதோடு ஒலியை ஒட்டவைக்கும் கருவி, தொலைபேசியோடு பிறந்தது. 1880களில் அமெரிக்கத் தொலைபேசி மாற்றகங்களில் வேலைசெய்தோர், கில்லிலாண்ட் என்பார் அமைத்த ஒரு பொறியைச் சுமந்தனர். பல இறாத்தல் எடையுள்ள அது தோளின்மேல் அமர்ந்திருக்கும். அதன் ஒற்றைக் காதொலிப்பான் ஒரு காதோடு பொருந்தியிருக்கும். மெத்தை என்ற நினைப்பே அன்று எழவில்லை. வேலை நடந்தாற் போதும். வேலைசெய்பவரின் காது நொந்தால் அது அவர் பாடு என்ற காலம் அது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலே செல்வந்தர் இன்பத்துக்காகக் கேட்கத் தொடங்கினர். 1881 இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில், கிளெமோ அடேர் என்ற பொறியியலாளர் இசைநாடக அரங்கின் ஒலியைக் கம்பிவழி கொண்டுவந்து, இரு காதுகளுக்கும் இரு குழல்களாகக் கொடுத்தார். பார்வையாளர் அக்குழல்களைக் கையாற் பிடித்துக் காதிலே வைத்துக் கேட்டனர். இலண்டனில் 1895 இல் இத்தகைய சேவை ஒன்று எலெக்ரோபோன் என்ற பெயரில் ஆரம்பமாயிற்று.

காதுக்கும் கருவிக்கும் இடையே மென்மையான ஒன்று வேண்டும் என்பதனை எழுத்திலே முன்வைத்தவர்களுள் ஒருவர் ஏர்னெஸ்ட் மேர்க்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். 1891 இல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, காதுத் துவாரத்தினுள்ளே செருகக்கூடியது. ஏறக்குறைய 50 கிராம் எடையே உடையது. அதன் முனைக்கு அவர் இறப்பர் உறை போட்டார். காது உராய்ந்து நோகாதிருத்தல் ஒன்று, வெளியோசை உட்புகாமல் அடைத்தல் மற்றொன்று என இரு பயன்களை அந்த உறையிலே கண்டார். ஒன்று உடலுக்கானது, மற்றது ஒலிக்கானது. இன்றைய காதுமெத்தை செய்வதும் இவ்விரு தொழில்களையே. முதலாவதை எல்லோரும் அறிவர். இரண்டாவதை அறியாதபடியாற்றான் நான் தவறிழைத்தேன்.

குசினி மேசையிலே பிறந்தது

இரு காதுகளையும் மூடி, தலைக்குமேல் வளையம் கொண்ட ஹெட்போனின் கதை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு வீட்டின் குசினியிலே தொடங்குகிறது. நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910 அளவில் குசினி மேசையில் வைத்துத் தாமே கையாற் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படையினர், தம்மிடம் இருந்தவற்றை விட அது எவ்வளவோ நுண்ணியது என்று கண்டு மேலும் வேண்டினர். ஆனால் அவரோ குசினியிலே ஒரு முறைக்குப் பத்து மட்டுமே செய்யக்கூடியவராக இருந்தார்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடற்படையினர் சொன்ன குறை ஒலியைப் பற்றியதன்று. தலைவளையம் நோகிறது என்பதே அவர்கள் குறை. அதற்காகப் பால்ட்வின் தோலுறை போர்த்த இரு கம்பிகளாலே, நீட்டவும் குறுக்கவும் கூடிய வளையத்தை அமைத்துக் கொடுத்தார். எவ்வளவு நுண்ணிய கருவியும் உடலுக்கு ஒத்துவராவிட்டால் பயனில்லை என்பதை, மணிக்கணக்காக அதனை மாட்டியிருந்த மாலுமிகளே முதலில் உணர்ந்தனர் எனலாம்.

மாட்டியிருப்பதற்கும் கழற்றிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு எத்துணை பெரிது என்பதை 1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி இரவு உலகுக்குக் காட்டியது. டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது இரவு 11.40 மணிக்கு. அதற்கு அண்மையில் நின்ற கலிபோர்னியன் என்ற கப்பலின் ஒரே கம்பியில்லாத் தந்தியாளர், நாள் முழுதும் கேட்ட களைப்பிலே, சிறிது நேரத்துக்கு முன்னர்தான் ஹெட்போனைக் கழற்றிவைத்து உறங்கச் சென்றிருந்தார். கார்பேதியா என்ற மற்றொரு கப்பலிலும் ஒருவரே தந்தியாளர். ஹரோல்ட் கொட்டம் என்ற அந்த இளைஞரும் படுக்கைக்கு ஆயத்தமாகி உடை மாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் வேறொரு செய்திக்கு மறுமொழியை எதிர்பார்த்து ஹெட்போனைத் தலையிலிருந்து எடுக்காமல் இருந்தார். அபாயக்குரல் அவர் காதிலே விழுந்தது. படகுகளில் ஏறித் தப்பிய எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கார்பேதியா வந்து ஏற்றிச் சென்றது. அதன் பின்னர், கப்பல்களிலே இரவுபகல் இடையறாது காதுகொடுத்திருக்க வேண்டும் என்று சட்டங்கள் எழுந்தன. காவல் நீண்டது, காது நோகாமல் நெடுநேரம் கேட்பது உயிர்காக்கும் தேவையாயிற்று.

கொழும்பும் வெண்கலக் கிண்ணமும்

நம் நாட்டிலே ஒலிபரப்பின் முன்னோடி எனப் போற்றப்படுபவர் எட்வேட் ஹாப்பர். தந்தித் திணைக்களப் பொறியியலாளரான அவர் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு அவருடைய ஒலிபரப்பி உருவாயிற்று என்பர். 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. இங்கிலாந்தில் பி.பி.சி. தொடங்கி மூன்றே ஆண்டுகளின் பின்னர் இது நிகழ்ந்தது.

அக்கால வானொலியை உலகெங்கும் பலர் கேட்டது படிகக் கல் பொருத்திய சிறு பெட்டிகளிலேயே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் ஒலிபெருக்கியும் கிடையாது. ஹெட்போன் ஒன்றுதான் வழி. எபொனைற் எனப்படும் கடினமான இறப்பராற் செய்த மூடி நேரே காதிலே படும். கூடக் கேட்க விரும்புவோர் இருந்தால் ஹெட்போனைக் கழற்றி ஒரு கிண்ணத்துள் வைப்பர். கிண்ணத்தின் எதிரொலியால் சுற்றியிருப்போர்க்கும் மெல்லக் கேட்கும்.

இதனைப் படித்தபோது நான் திடுக்குற்றேன். ஏனெனில் அந்தக் காட்சியை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். அம்மாவின் தகப்பனார், எங்கள் அப்பு, தொலைபேசி மாற்றகத்திலே உத்தியோகம் பார்த்தவர். கழித்துவிட்ட பழைய ஹெட்போன் ஒன்று அவரிடம் இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரி கிடைப்பது அரிது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்ட காலம் அது. சுற்றுவது சிறுவனான என் வேலை. என் கை தளர்ந்தால் ஒலிபெருக்கியின் குரலும் தளர்ந்துவிடும். அப்பு அந்தப் பழைய ஹெட்போனைப் பொருத்துவார். சிறிதளவு மின்சாரமே அதற்குப் போதும். ஊர்ப் பெரியவர்கள் வந்தால் அதை வெண்கலக் கிண்ணத்துள் வைப்பார். எல்லோரும் தலைகுனிந்து கிண்ணத்தைச் சூழ்ந்திருப்பர்.

அந்த எபொனைற் மூடி அப்புவின் காதைச் சிவக்கப் பண்ணியது. அம்மா பழைய வேட்டித் துண்டை வளையமாக வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, இரண்டு சிறு மெத்தைகள் தைத்துக் கட்டிக் கொடுத்தார். "இப்பதான் பிள்ளை சத்தம் நிறைவாய்க் கேட்குது" என்று அப்பு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காது நோகவில்லை என்று அவர் சொல்லவில்லை. நிறைவாய்க் கேட்குது என்றார். அந்தச் சொல்லின் பொருள் முப்பது ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று.

விமானத்திலிருந்து வீட்டுக்கு

இரண்டாம் உலக யுத்தம் காதுமெத்தையைப் பெரிதாக்கியது. விமான இயந்திரத்தின் பேரிரைச்சலின் நடுவே கட்டளை கேட்டாக வேண்டும். விமானிகளின் தோல் தொப்பியிலேயே காதொலிப்பான்களைப் பதித்து, சுற்றிலும் இறப்பராலும் மென்தோலாலும் வளையம் அமைத்தனர். காதின்மேல் அமர்ந்திருந்த கருவி, காதைச் சுற்றி அமரும் கருவியாக மெல்ல மாறலாயிற்று.

அதனை இன்பக் கேள்விக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ். மருத்துவமனை நோயாளர்க்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாடகைக்குக் கொடுத்து வந்தவர் அவர். 1958 இல் பொறியியலாளர் ஒருவரோடு சேர்ந்து இருதட இசைக்கென ஒரு ஹெட்போனை வெளியிட்டார். அது அதுவரை தந்தியாளருக்கும் விமானிக்கும் உரியதாயிருந்த கருவியை வீட்டுக் கதிரைக்குக் கொண்டுவந்தது. 1970 இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட புரோ 4 ஏஏ என்பதிலே மெத்தையினுள் திரவமே நிரப்பியிருந்தனர். தலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் திரவம் நகர்ந்து, சிறு இடைவெளியும் இன்றி அடைக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

இதற்கு நேர்மாறான வழியிலே சென்றது ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம். 1968 இல் வந்த அதன் எச்.டி. 414, அடைக்க வேண்டியதே இல்லை என்றது. காதின்மேல் காற்றோட்டமான மஞ்சள் நுரைப்பஞ்சு மட்டும் படியும். இலேசானது, வெளியோசையும் கேட்கும். அது ஒரு கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. 1979 இல் சொனியின் வோக்மன் வந்தபோது, அதனோடு வந்த சிறு ஹெட்போனும் இத்தகைய நுரைப்பஞ்சையே அணிந்திருந்தது. ஆகவே மெத்தை வெறும் அலங்காரமன்று. அடைப்பதா, திறப்பதா என்ற தீர்மானத்தின்படியே கருவி முழுவதும் அமைகிறது.

ஏன் உதிர்கிறது?

இனி அம்மாவின் கருவிக்கு வருகிறேன். அதைப் போன்று காதை மூடும் கருவியிலே, ஒலிதரும் சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையில் ஒரு சிறு காற்றறை உண்டு. அந்த அறையின் சுவர்தான் மெத்தை. தாழ்ந்த சுருதிகள் மெதுவான, நீண்ட அசைவுகள். சுவரிலே வெடிப்பு இருந்தால் அந்த அமுக்கம் அதனூடே நழுவிவிடும். உயர்ந்த சுருதிகளோ விரைந்த அசைவுகள். அவை அவ்வளவாக இழப்புறா. அதனால் நாதஸ்வரம் எஞ்சியது, வலந்தலை எஞ்சியது, தொப்பி போயிற்று. அப்பு சொன்ன 'நிறைவு' இதுதான். வேட்டித் துண்டு மெத்தை அவருடைய காதோரத்து இடைவெளியை ஓரளவு அடைத்தது. மெலிந்த குரலுக்கு உடம்பு வந்தது.

முதுமையால் வரும் கேட்டல் குறைவு இதற்கு எதிர்த்திசையிலே நடப்பது. அது பொதுவாக உயர்ந்த சுருதிகளையே முதலிற் கவர்ந்துகொள்ளும். குருவியின் ஒலி மறையும். 'சட்டி' என்றது 'தட்டி' என்று கேட்கும். தாழ்ந்த ஓசைகள் நெடுங்காலம் எஞ்சி நிற்கும். ஆகவே "தொப்பி கேட்குதில்லை" என்ற அம்மாவின் ஒரு வசனத்திலே முழு உண்மையும் அடங்கியிருந்தது. பிழை கருவியில் என்று அவர் தம்மையறியாமலே துல்லியமாகச் சொல்லியிருந்தார். கேட்கத் தவறியவன் நான்.

மெத்தை ஏன் உதிர்ந்தது? மேலே தோல் போலத் தெரிவது உண்மையில் தோலன்று. துணியின்மேல் பொலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளை மெல்லிய படலமாகப் பூசியிருக்கிறார்கள். இதன் இரசாயனத்தை 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் கண்டனர். அதன் சிலவகைகளுக்கு நீராவி ஆகாது. காற்றின் ஈரலிப்பே அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வியர்வையும் தலையில் வைக்கும் எண்ணெயும் அந்த அழிவை விரைவாக்கும். பாவிக்காமல் வைத்தாலும் தப்பாது. திருமணத்துக்கென்று வாங்கி அலுமாரியிற் பத்திரப்படுத்திய சப்பாத்தின் அடி, அடுத்த திருமணத்துக்கு எடுக்கும்போது பிட்டுப் போல உதிர்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். பெரும்பாலும் அதே கதைதான் இதுவும். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டிலே காதுமெத்தைக்கு ஆயுள் குறைவு. காந்தமும் சுருளும் இருபது ஆண்டுகள் உழைக்கலாம். மெத்தையோ சில ஆண்டுகளிலே உயிர்விடும். அதனாலேயே நல்ல கருவிகளில் அதனை மாற்றக்கூடியதாக அமைக்கிறார்கள்.

மாற்றிய விதம்

புதிய மெத்தைச் சோடி ஒன்றைத் தருவித்துத் தந்த கடைக்காரத் தம்பி, "நீங்களே போடுங்கோ சேர், ஒண்டும் கஷ்டமில்லை" என்றான். மாற்ற விரும்பும் நேயர்களுக்காக அந்த முறையைச் சொல்கிறேன். முதலிலே மெத்தை எவ்வாறு பற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் மெத்தையின் பின்புறத்து மெல்லிய விளிம்பு, கருவியின் விளிம்பிலுள்ள தவாளிப்புக்குள் செருகியிருக்கும். சிலவற்றில் பிளாஸ்ரிக் வளையம் ஒன்று கொழுவியிருக்கும். சிலவற்றில் பசையால் ஒட்டியிருக்கும். அம்மாவினது முதல்வகை.

புதியதை வாங்குமுன் கருவியின் விளிம்பை அளவுகோலால் அளந்துகொள்ளல் வேண்டும். நீள்வட்டமாயின் நீளம், அகலம் இரண்டையும் அளக்க வேண்டும். பழையதை ஓர் ஓரத்திலிருந்து மெல்ல இழுத்தாற் கழன்றுவரும். தவாளிப்பிலே ஒட்டிய பொருக்கை ஈரம் பிழிந்த துணியாலே துடைக்கலாம். தின்னர், பெற்றோல் போன்றவற்றைக் கிட்டவும் கொண்டுபோகலாகாது. நடுவிலே மெல்லிய துணிக்கு அப்பால் இருப்பது ஒலிச்சவ்வு. விரல் அதிலே படக்கூடாது. புதிய மெத்தையின் விளிம்பைக் கீழ்ப்பக்கத்திலே செருகி, ஒரு பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுற்றிவர இழுத்து மாட்ட வேண்டும். இறுதி இரண்டு அங்குலம் அடம் பிடிக்கும். தேக்கரண்டியின் காம்பால் விளிம்பை உள்ளே தள்ளினேன், அமர்ந்தது. தடிப்பையும் கவனிக்க வேண்டும். மிகத் தடித்த மெத்தை காதைச் சவ்விலிருந்து தள்ளிவைத்து ஒலியை மாற்றிவிடும். வெல்வெற் துணி போர்த்தது வியர்வைக்கு நல்லது. ஆனால் காற்றுக் கசிவதால் தாழ்ந்த ஓசை சற்றுக் குறையலாம். அம்மாவுக்குத் தொப்பி முக்கியம் ஆகையால் நான் பழையது போன்றதையே தெரிந்தெடுத்தேன்.

நான் குசினி மேசையிலே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா அருகில் வந்து நின்றார். பிரித்த பழைய மெத்தையைக் கையில் எடுத்து, உள்ளே இருந்த நுரைப்பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். "இதைத்தானே நான் அப்புவுக்குத் தைச்சனான்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் ஹெட்போனை அவர் தலையிலே மாட்டி, ஒலியைப் பழைய அளவின் அரைவாசிக்குக் குறைத்து வைத்தேன். நாதஸ்வரக் கச்சேரி போய்க்கொண்டிருந்தது. சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பின்னர் அவருடைய வலதுகை கதிரையின் பிடியிலே தாளம் போடத் தொடங்கியது.

முழு உண்மையையும் சொல்லவேண்டும் அல்லவா? பின்னர் அம்மாவைக் காது பரிசோதனைக்கும் அழைத்துச் சென்றேன். வயதுக்கு ஏற்றபடி உயர்ந்த சுருதியிலே கொஞ்சம் குறைவு உண்டு என்றும், இப்போதைக்குக் கருவி தேவையில்லை என்றும், ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்பதைத் தவிர்க்குமாறும் சொன்னார்கள். மெத்தை பழுதாகியிருந்த அந்த மாதங்களிலே தொப்பியைத் தேடி அவர் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டார் என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் உறுத்துகிறது. சில நூறு ரூபாய்ப் பொருளின் தேய்வைக் கவனியாமல், இருந்த நல்ல காதுக்கும் தீங்கு தேட இருந்தேன்.

திருக்குறளின் 42 ஆம் அதிகாரம் 'கேள்வி'. ஆண்டுதோறும் அதனை வகுப்பிலே படிப்பிக்கிறேன். பெரியோர் சொல்லக் கேட்பது என்று அதற்கு விளக்கமும் சொல்கிறேன். வீட்டிலே ஒரு பெரியவர் சொன்ன மூன்று சொற்களைக் கேட்கத் தெரியாதவனாக இருந்தேன். வகுப்பிலே பின்வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன், "சேர், விளங்குதில்லை" என்றால், இப்போதெல்லாம் அவனுடைய மூளையைப் பற்றி முடிவுகட்ட முன்னர், என் குரல் அங்கே எட்டுகிறதா, கரும்பலகையில் வெயில் படுகிறதா என்று பார்க்கிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் ஒலியைக் கூட்டத் தொடங்கியிருக்கலாம். அவரைக் காது வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள்; அது செய்யவேண்டியதே. ஆனால் அதற்கு முன்னர், அவருடைய ஹெட்போனின் இரு பக்கங்களையும் உங்கள் இரு கைகளாலும் மெல்ல அமுக்கிப் பிடித்து, "இப்ப எப்படிக் கேட்குது?" என்று ஒரு முறை கேளுங்கள். அவர் சொல்லும் மறுமொழியையும் கேளுங்கள்.